செத்த காலேஜின் முதல் பொருள்

தென்னிந்தியப் பொருட்காட்சி விஞ்ஞான உயர்கல்விக் கழகத்தின் மேல் எனக்குத் தனிப்பட்ட விரோதம் எதுவும் கிடையாது. பொதுவான விரோதம்தான். ராயபுரத்தில் ரயில் தண்டவாளத்துக்கும் கடலுக்கும் நடுவே, முன்பு உப்பு மூட்டை அடுக்கியிருந்த ஒரு கிடங்கில் அது நடந்துவந்தது. மழைக்காலத்தில் சுவர் முழுக்கத் தண்ணீர் கோத்துக்கொள்ளும். தொட்டு நாக்கில் வைத்தால் கரிக்கும். வெள்ளைக்காரன் போய்ச் சில வருஷம் ஆகியிருந்த சமயம் அது. தேசத்துக்கு அணைக்கட்டு வேண்டும், இரும்பாலை வேண்டும் என்று ஆளாளுக்குக் கேட்டுக்கொண்டிருந்தபோது, ராமசுப்பு என்ற பெரியவர் மட்டும் டெல்லிக்கு எழுதிக் கண்ணாடி அலமாரி வேண்டும் என்று கேட்டார். டெல்லியில் அன்றைக்கு யாருக்கோ மனசு நன்றாக இருந்திருக்கிறது. அலமாரியும் கொடுத்து, அதை வைத்து எம்.ஏ. பட்டம் வழங்கலாம் என்று அனுமதியும் கொடுத்து, ராமசுப்புவை டைரக்டர் ஆக்கிவிட்டார்கள்.

ஊர் ஜனங்களுக்குக் கழகத்தின் பெயர் வாயில் நுழையவில்லை. எழும்பூர் மியூசியத்தை அவர்கள் ஏற்கெனவே செத்த காலேஜ் என்றுதான் சொல்லிவந்தார்கள். மிருகங்கள் உலாத்துகிற இடம் உயிர் காலேஜ். ஆகவே இதுவும் ராயபுரத்துச் செத்த காலேஜ் ஆயிற்று. எழும்பூரிலாவது செத்தது ஏதாவது இருக்கும். இங்கே அதுவும் கிடையாது. அலமாரிகள் வரிசையாக நின்றன, உள்ளே ஒன்றும் இல்லை.

இதை ஒரு குறையாக யாராவது சொல்லிவிட்டால் டைரக்டருக்குக் கோபம் வராது, பிரசங்கம் வரும்.

“பொருளை வைத்துக்கொண்டு காட்சிசாலை நடத்த யாராலும் முடியும். மூர்மார்க்கெட்டில் நடத்துகிறார்கள். பொருளே இல்லாமல் நடத்துவதற்குத்தான் விஞ்ஞானம் தேவை. பொருள் ஒன்று உள்ளே வந்துவிட்டால் மாணவனுடைய கவனம் முழுவதும் அதன் மேல் போய்விடும். சீட்டின் மேல் நிற்காது. அன்பர்களே, பொருள் உடையும். பூச்சி அரிக்கும். திருடு போகும். சீட்டில் எழுதியது எழுதியதுதான்.”

பொருளுக்குக் கீழே, இது இன்னது, இன்ன காலத்தது என்று எழுதி வைக்கிற சின்ன அட்டைக்குத்தான் அங்கே சீட்டு என்று பெயர். படிப்பில் பாதி அதைப் பற்றியது. மீதிப் பாதி நிற்பது பற்றியது. முதல் வருஷம் முழுக்கக் காலி அலமாரியின் முன்னால் எப்படி நிற்க வேண்டும் என்று பயிற்சி கொடுத்தார்கள். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, தலையைக் கொஞ்சம் சாய்த்து, ‘ம்’ என்று சொல்ல வேண்டும். ‘ம்’ நீண்டுவிட்டால் மார்க் குறையும். சுருங்கிவிட்டால் அலட்சியம் என்று அர்த்தம்.

தூசி பற்றித் தனியாக ஒரு பேப்பர் இருந்தது. தூசியில் இரண்டு வகையாம். காலத்தால் சேர்ந்தது ஒன்று, சோம்பேறித்தனத்தால் சேர்ந்தது ஒன்று. முதலாவதைத் துடைத்தால் குற்றம், இரண்டாவதைத் துடைக்காவிட்டால் குற்றம். எது எது என்று டைரக்டருக்கு மட்டும் தெரியும். பேசின் பிரிட்ஜ் பவர் ஹவுஸின் கரி இந்தப் பாகுபாடு தெரியாமல் எல்லா அலமாரி மேலும் விழுந்துகொண்டிருந்தது.

ஆரம்பத்தில் பெஞ்சு நிறைய மாணவர்கள் இருந்தார்கள். ஒருவன் துறைமுகத்துக்குப் போனான், ஒருவன் ரயில்வேக்குப் போனான், ஒருவன் எண்ணூர் உப்பளத்தில் மேஸ்திரியாகிவிட்டான். கடைசி வருஷத்தில் மிஞ்சியது அருள்பிரகாசம் ஒருவன்தான். ராயபுரம் மார்க்கெட்டில் மீன் விற்கிற சிலுவையம்மாளின் மகன். ஒரு காரியத்தை ஆரம்பித்தால் பாதியில் விடத் தெரியாத பிள்ளை. இந்தக் குணத்தைப் பள்ளிக்கூடத்தில் புகழ்கிறார்கள். அதனால் வருகிற சங்கடங்களைப் பற்றி யாரும் சொல்வதில்லை.

அவன் நிலைத்து நின்றதற்கு இன்னொரு காரணம் ஐரீன். கான்வென்ட்டில் சின்னப் பெண்களுக்குத் தையல் சொல்லிக்கொடுப்பவள். அருளுக்கு அவள் என்றால் உயிர். அவளுக்கும் அவன் மேல் பிரியம்தான், அதை அவள் திட்டுவதில் காட்டுவாள். அவளுடைய அப்பா வேதமாணிக்கம் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவர். உயரத்தில் உட்கார்ந்து பழகியவர் என்பதால் மாப்பிள்ளையும் உயரமாக இருக்க வேண்டும் என்று ஆசைப்பட்டார். எம்.ஏ. என்றதும் சம்மதித்தார். ஆனால் ஒரு கெடு வைத்தார்.

“தபசு காலத்துக்கு முன்ன தாலி ஏறிடணும் தம்பி,” என்றார் அருளிடம். “அப்பால ஈஸ்டர் வரிக்கும் கோயில்ல கல்யாணம் கெடையாது. அத்தினி நாளு நான் தாங்க மாட்டேன். பேசின் பிரிட்ஜ் லோகோ ஷெட்ல ஒரு ஃபயர்மேன் கீறான். அவங்க அம்மா தெனம் எங்க வூட்டாண்ட வந்து போய்கினு கீது. நான் மொகம் குடுக்காம உட்டுனு கீறேன். எவ்ளோ நாளு உட முடியும்?”

நாள் குறித்தார்கள். விபூதிப் புதனோடு தபசு காலம் ஆரம்பிக்கிறது. அதற்கு முந்தின திங்கட்கிழமை கல்யாணம். கத்தோலிக்கர்கள் வீட்டுக் கல்யாணத்துக்கு ஒரு முறை உண்டு. மூன்று ஞாயிற்றுக்கிழமை பூசையில் சாமியார் ஓலை வாசிப்பார். இன்னாருக்கும் இன்னாருக்கும் கல்யாணம், தடை ஏதும் தெரிந்தவர்கள் தெரிவிக்கலாம் என்று ஊரறியச் சொல்வார். மூன்று ஓலையும் தடையில்லாமல் முடிந்தால்தான் தாலி. முதல் ஓலை வாசித்தாயிற்று. ஒருவரும் வாய் திறக்கவில்லை.

அந்த வாரத்தில்தான் டெல்லியிலிருந்து தந்தி வந்தது. மானிய இன்ஸ்பெக்டர் வருகிறார், கழகத்தில் எத்தனை பொருள் இருக்கிறது என்று பார்க்க.

டைரக்டர் கலங்கவில்லை. பொருள் இல்லாவிட்டாலும், பொருளைப் பதிவு செய்யும் முறை இருக்கிறதே, அதைக் காட்டிவிடலாம் என்றார். அதற்கு ஒத்திகை வைத்தார். கழகத்தின் ஒரே சிப்பந்தி அத்தாவுல்லா பதிவேட்டைக் கொண்டுவந்து வைத்தார். தலையணை கனத்தில் ஒரு புத்தகம். ஒரு வரிகூட எழுதப்படாதது.

“பதிவு என்பது பொருளின் இரண்டாம் பிறப்பு,” என்று ஆரம்பித்தார் டைரக்டர். “பார்வையாளர் கண்ணுக்குப் படாத இடத்தில் நம்பர் எழுத வேண்டும். அதன் மேல் வார்னிஷ் பூச வேண்டும். பிறகு அழியாத மையில் ஏட்டில் ஏற்ற வேண்டும். ஏற்றிய பின் அடித்தல் திருத்தல் கிடையாது. ஆண்டவனே வந்து கேட்டாலும் கிடையாது. அத்தாவுல்லா, ஏதாவது ஒரு பொருளை எடு.”

அத்தாவுல்லா சுற்றிலும் பார்த்தார். நாற்காலி, மேசை, மைக்கூடு எல்லாம் வேறொரு இலாகாவிலிருந்து வந்தவை, அந்த இலாகாவின் நம்பர் போட்டவை. ஒரு பொருளுக்கு இரண்டு நம்பர் கூடாது என்பது கழகத்தின் விதி. அலமாரிகளுக்கு டெல்லி நம்பர். அத்தாவுல்லாவே முன்பு துறைமுகத்தில் வேலை பார்த்தவர், நம்பர் பொறித்த அந்தப் பித்தளை பில்லையை இன்னும் சட்டையில் குத்திக்கொண்டிருந்தார்.

“நம்பரு இல்லாதது இன்னா கீது சார் இங்க?” என்றார். “அருள் தம்பி ஒண்ணுதான்.”

“போதும். பொருள் என்று இதை வைத்துக்கொள்வோம்,” என்றார் டைரக்டர், பிரம்பால் அருளின் தோளைத் தொட்டு.

அருள் பணிவுள்ள மாணவன். செருப்பைக் கழற்றிக் காலை நீட்டினான். உள்ளங்கால்தான் பார்வையாளர் கண்ணுக்குப் படாத இடம் என்று அவனே எடுத்துக்கொடுத்தான். டைரக்டர் பாராட்டினார். சிவப்பு பெயின்ட்டில் ஒன்று என்று எழுதினார்கள். அத்தாவுல்லா அதன் மேல் படகுக்குப் பூசுகிற வார்னிஷை இரண்டு தரம் பூசினார். ஏட்டில் ஏற்றினார்கள். டைரக்டர் எழுத எழுத அத்தாவுல்லா மை ஒற்றினார்.

பிறகு டைரக்டர் அந்தப் பக்கத்தைக் குனிந்து பார்த்தார். கழகம் ஆரம்பித்த நாளிலிருந்து வெறுமையாகக் கிடந்த ஏட்டில் ஒரு வரி இருந்தது. ராமசுப்பு அழுதுவிட்டார். நான் கதை கட்டவில்லை, அத்தாவுல்லா கண்ணால் பார்த்திருக்கிறார். துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டு, “நமக்கு ஒரு பொருள் கிடைத்துவிட்டது,” என்றாராம்.

அருள் செருப்பைத் தேடினான்.

“சார், வெளக்கத்துக்குத்தான போட்டீங்க. அடிச்சிடுங்க சார்.”

“அடிப்பதா? பதிவேட்டில் அடித்தல் உண்டா இல்லையா என்று போன பரீட்சையில் கேட்டிருந்தேன். இல்லை என்று நீதான் எழுதினாய். முழு மார்க் போட்டேன்.”

எழுந்து போய்விட வேண்டியதுதானே என்று நீங்கள் கேட்பீர்கள். அருளும் கேட்டான். டைரக்டர் விளக்கினார். பதிவான பொருள் அனுமதியில்லாமல் வெளியே போனால் அது திருட்டு. பொருளுக்குக் காவல் பொறுப்பு கடைசி வருஷ மாணவனுடையது. கடைசி வருஷ மாணவன் அருள். ஆகவே அருள் வெளியே போனால், அருளைத் திருடிய குற்றத்துக்காக அருளின் பெயர் கழகத்திலிருந்து நீக்கப்படும். பெயர் போனால் பட்டம் போகும். பட்டம் போனால் வேதமாணிக்கம் போவார். மேலே யோசிக்க அருளுக்குத் தைரியம் வரவில்லை. கூடத்தின் நடுவில் ஒரு பலகை மேடை போட்டு, சுற்றிலும் தாம்புக்கயிறு கட்டி, அவனை உட்கார வைத்தார்கள். சீட்டும் தயாராயிற்று:

‘மாணவன். வட சென்னை. இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி. மணமாகாதது. நல்ல நிலையில் உள்ளது. இடது காதோரம் சிறு தழும்பு.’

அதன் பிறகு நடந்ததையெல்லாம் கழகம் மிகுந்த ஒழுங்கோடு நடத்தியது. பொருளை வெறுங்கையால் தொடக்கூடாது என்று விதி இருந்ததால் அருளுக்கு வெள்ளைக் கையுறை கொடுத்தார்கள். மூக்கு அரித்தால் கையுறை போட்டுக்கொண்டு சொறிந்தான். ஈரம் பொருளுக்கு ஆகாது என்பதால் குளிக்கத் தடை. வெயில் படக்கூடாது என்பதால் அவன் பக்கத்து ஜன்னலைச் சாத்தினார்கள். பொருள் பேசக்கூடாது, அது பார்வையாளரின் தியானத்தைக் கெடுக்கும். பார்வையாளர் என்று ஒருவரும் வந்ததில்லை என்பது வேறு விஷயம்.

ஒன்று சொல்ல வேண்டும். மாணவனாக இருந்த காலத்தில் அவன் சாப்பிட்டானா, காய்ச்சலா, பீஸ் கட்டினானா என்று டைரக்டர் ஒரு நாள் கேட்டதில்லை. பெயரைக்கூடச் சொல்லாமல், பெஞ்சின் கோடியில் உட்காருகிறவன் என்பதால் ‘அந்தக் கோடி’ என்றுதான் கூப்பிடுவார். பொருளான பிறகு தினமும் காலையில் வந்து, பூதக்கண்ணாடி வைத்துக்கொண்டு விரிசல் இருக்கிறதா என்று பார்த்தார். தும்மினால் குறித்துக்கொண்டார்.

சாயங்காலம் கழகம் மூடியதும் அத்தாவுல்லா கயிற்றை அவிழ்த்து வீட்டுக்கு அனுப்பிவிடுவார். இதற்கு டைரக்டரே அனுமதி கொடுத்திருந்தார். பார்வை நேரம் முடிந்த பிறகு பொருள் இருக்கிறதா இல்லையா என்ற கேள்வி விஞ்ஞானப்படி எழாது என்றார்.

சிலுவையம்மாளுக்கு ஒரே பெருமை. மகன் காலையில் போய்ச் சாயங்காலம் சட்டை கசங்காமல் வருகிறான். மார்க்கெட்டில் கூடையை இறக்கும்போதெல்லாம் அதே பேச்சு.

“எம் பையன ஒரு வேல செய்ய உட மாட்டேன்றாங்க. கயிறு கட்டி நடுவுல ஒக்கார வச்சிக்கிறாங்க. கைக்கு வெள்ள உறை வேற. கலெக்டருக்கு கீதா அது?”

பக்கத்துக் கூடைக்காரி கேட்டாள். “செத்த காலேஜ்ல உயிரோட ஆளை வச்சிக்கிறாங்களே, அப்போ அது உயிர் காலேஜ் ஆயிடாதா?”

“உனக்குப் பொறாம,” என்றாள் சிலுவையம்மாள். மறுநாள் வஞ்சிர மீன் குழம்பும் சோறும் எடுத்துக்கொண்டு கழகத்துக்கே போனாள். ‘பொருளுக்கு உணவு அளிக்காதீர்’ என்று வாசலில் எழுதியிருந்தது. அவளுக்கு வாசிக்கத் தெரியாது, ஆகவே தாராளமாக அளித்துவிட்டு வந்தாள்.

அருளுக்கு வயிறு நிறைந்தது, மனசு நிறையவில்லை. கல்யாணத்துக்கு லீவு கேட்க வேண்டும். மாணவன் என்றால் லீவு விண்ணப்பம் உண்டு, பொருளுக்கு என்ன உண்டு? தயங்கித் தயங்கி ஒரு காலை டைரக்டரிடம் விஷயத்தைச் சொன்னான். அவர் பூதக்கண்ணாடியை இறக்கிவிட்டுச் சீட்டைக் காட்டினார்.

“என்ன எழுதியிருக்கிறது?”

“மணமாகாததுன்னு சார்.”

“நீ கல்யாணம் செய்துகொண்டால் இது பொய்யாகும்.”

“வேற சீட்டு எழுதலாம் சார். நானே எழுதித் தரேன். நல்ல கையெழுத்து சார் எனக்கு.”

“அருள்பிரகாசம்,” என்றார் டைரக்டர். பெயரைச் சொல்லி அவர் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. “பொருளுக்குத் தகுந்தபடி சீட்டு எழுதுவது மளிகைக் கடை. சீட்டுக்குத் தகுந்தபடி பொருள் இருப்பது காட்சிசாலை. இரண்டு வருஷம் உனக்கு நான் என்ன சொல்லிக்கொடுத்தேன்?”

அன்று சாயங்காலம் கான்வென்ட் வாசலில் ஐரீனிடம் எல்லாவற்றையும் சொன்னான். அவள் ஊசியும் நூலும் இருந்த பையை ஒரு தோளிலிருந்து இன்னொரு தோளுக்கு மாற்றிக்கொண்டு சொன்னாள்.

“உன்ன பொம்மையாட்டம் குந்த வச்சிக்கிறாங்க. நீயும் குந்திக்கினு கீற.”

“பட்டம் போயிடும் ஐரீன். பட்டம் இல்லாங்காட்டி உங்க நைனா ஒத்துக்க மாட்டாரு.”

“அந்தாளுகிட்ட நீ இன்னா சொன்ன?”

“பொருளு பேசக் கூடாதுன்றாரு.”

“எனக்கு வாயிருக்கற ஆளுதான்யா வோணும்,” என்றாள். கோபத்தில் சொன்னாள், ஆனால் கண்ணில் தண்ணீர் முட்டியது. “வர்ற ஞாயித்துக்கெழம ரெண்டாவது ஓலை. அத்த வாசிக்கட்டும். அப்பால நான் பாத்துக்கிறேன்.”

இரண்டாவது ஓலை வாசிக்கிற அன்று கோயிலில் நல்ல கூட்டம். ஆண்கள் ஒரு பக்கம், முக்காடு போட்ட பெண்கள் ஒரு பக்கம். பிரசங்கத்தை முடித்துவிட்டு வயசான பங்குச்சாமியார் மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஓலையை வாசித்தார். காலஞ்சென்ற சூசைநாதர், சிலுவையம்மாள் இவர்களின் குமாரன் அருள்பிரகாசத்துக்கும், வேதமாணிக்கத்தின் குமாரத்தி ஐரீனுக்கும் இது இரண்டாம் ஓலை. தடை தெரிந்தவர்கள் அறிவிக்கக் கடமைப்பட்டிருக்கிறார்கள்.

“தடை இருக்கிறது,” என்று பின்வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது.

கோட்டும் தலைப்பாகையுமாக ராமசுப்பு எழுந்து நின்றுகொண்டிருந்தார். தடை இருந்தால் பூசை முடிந்த பிறகு சாமியாரைத் தனியாகப் பார்த்துச் சொல்வார்கள். அந்த வழக்கம் அவருக்குத் தெரியாது. பூசை நடுவில் யாரும் இப்படி எழுந்து பேசி அந்த ஊர் பார்த்ததில்லை.

“மகாஜனங்களே, இந்த நபர் எங்கள் கழகத்தின் ஒன்றாம் எண் பொருள். எனக்கு இவர் மேல் விரோதம் இல்லை. மாணவராக இருந்தபோது இவர் எங்கே போகிறார், யாரைக் கட்டிக்கொள்கிறார் என்று நான் கவலைப்பட்டதே கிடையாது. எங்கள் மாணவர்கள் பலர் காணாமல் போனார்கள், ஒருவரையும் தேடவில்லை. ஆனால் பொருள் என்பது தேசத்தின் சொத்து. அதை நாம் சும்மா விட்டுவிட முடியாது.”

சாமியார் கண்ணாடியைக் கழற்றினார்.

“இவனுக்கு முன்னாலேயே கலியாணம் ஆகியிருக்கிறதா?”

“ஆகவில்லை. ஆகக்கூடாது என்பதுதான் கழகத்தின் நிலை.”

“சந்நியாச வார்த்தைப்பாடு கொடுத்திருக்கிறானா?”

“பதிவு ஆகியிருக்கிறார்.”

“பதிவு என்றால், இவன் பிறந்த எட்டாம் நாள் ஞானஸ்நானம் கொடுத்து ரிஜிஸ்டரில் எழுதியது நான்.”

“அப்படியா?” டைரக்டர் ஆர்வத்தோடு இரண்டடி முன்னால் வந்தார். “நம்பரை எதன் மேல் போட்டீர்கள்? வார்னிஷ் உண்டா?”

ஆண்கள் பக்கம் யாரோ இருமுகிற சாக்கில் சிரித்தார்கள். சாமியார் சிரிக்கவில்லை. அவருக்கும் ஒரு சட்டப் புத்தகம் இருந்தது. வாய்விட்டு ஒருவர் தடை சொல்லிவிட்டால், அது பைத்தியக்காரத் தடையாகவே இருந்தாலும், சொன்னவர் திரும்பப் பெறுகிற வரையில் மூன்றாம் ஓலை வாசிக்கத் தமக்கு அதிகாரமில்லை என்றார். சொல்லும்போது அருளைப் பார்க்கவில்லை. பாவம், நல்ல மனுஷர். ஆனால் கோயிலுக்கு ஒரு பதிவேடு, கழகத்துக்கு ஒரு பதிவேடு, நடுவில் பிள்ளை நசுங்கினான்.

வேதமாணிக்கம் எழுந்து, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, பூசை முடியும் முன்பே வெளியேறினார். அன்று மத்தியானம் ஃபயர்மேனின் தாயாருக்கு அவர் வீட்டில் காப்பி கொடுத்தார்கள் என்று தெருவெல்லாம் பேச்சு.

அந்த வாரத்துக்குள்ளேயே டெல்லி இன்ஸ்பெக்டர் வந்து இறங்கினார். டெல்லியில் உத்தியோகம் பார்க்கிற தஞ்சாவூர்க்காரர். குட்டையான மனிதர், நீளமான பேனா. அலமாரிகளைப் பார்த்தார். “இதில் என்ன?” “ஒன்றுமில்லை.” “இதில்?” “இதிலும் இல்லை, ஆனால் இது வேறு மாதிரி ஒன்றுமில்லை,” என்று டைரக்டர் விளக்கிக்கொண்டே வந்தார். கடைசியில் மேடைக்கு வந்தார்கள். அருள் கையுறை போட்டு, முதுகை நிமிர்த்தி உட்கார்ந்திருந்தான். வேர்வை கழுத்தில் வழிந்தது.

அப்போது அத்தாவுல்லா ஓடிவந்தார். “சார், விசிட்டரு வந்துக்கீது. பொம்பளப் புள்ள.”

மீன் குழம்பு கொண்டுவந்தவளைக் கணக்கில் சேர்க்காவிட்டால், கழகத்தின் சரித்திரத்தில் முதல் பார்வையாளர், அதுவும் இன்ஸ்பெக்டர் கண் முன்னால். டைரக்டருக்குச் சந்தோஷத்தில் குரல் தடுமாறியது. உள்ளே வரச் சொன்னார். ஐரீன் வந்தாள். வெள்ளைப் புடவை, காதில் சின்னத் தோடு. கயிற்றுக்கு முன்னால் நின்றாள். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, தலையைக் கொஞ்சம் சாய்த்து, “ம்,” என்றாள்.

“எவ்வளவு கச்சிதம்,” என்று டைரக்டர் இன்ஸ்பெக்டரின் காதில் சொன்னார்.

ஐரீன் சீட்டை ஒவ்வொரு எழுத்தாக வாசித்தாள். பிறகு திரும்பி, “சார், விசிட்டரு சந்தேகம் கேக்கலாமா?” என்றாள்.

“தாராளமாக அம்மா. கேட்பதற்காகத்தான் காட்சிசாலை.”

“மாணவன்னு போட்டுக்கீதே. மெய்யாலுமே மாணவன்தானா? இல்ல, டூப்பா?”

இன்ஸ்பெக்டரின் பேனா நின்றது. டெல்லியில் அவருக்கு டூப்புப் பொருள் என்றால் பேதி வரும் அளவுக்குப் பயம். சில காட்சிசாலைகளில் பழைய விக்கிரகம் என்று புது விக்கிரகத்தை வாங்கி வைத்துவிட்டார்களாம்.

“அசல் மாணவன்,” என்றார் டைரக்டர். “நானே தயாரித்தது.”

“அப்ப இன்னா படிச்சாருன்னு கேளுங்க சார்,” என்றாள் ஐரீன். அவள் இன்ஸ்பெக்டரைப் பார்த்துத்தான் பேசினாள், ஆனால் குரல் மேடைக்குப் போயிற்று. “வாயத் தொறந்து சொல்லட்டும்.”

பொருள் பேசலாகாது என்று டைரக்டர் ஆரம்பித்தார். சோதனைக்காகப் பேசலாம் என்று இன்ஸ்பெக்டர் தீர்ப்பு சொன்னார். “இரண்டு வருஷத்தில் என்ன கற்றுக்கொண்டாய்?”

பொய் சொன்னால் பட்டம் நிற்கும், தாலி நிற்காது. உண்மையைச் சொன்னால் என்ன நிற்கும் என்று தெரியவில்லை. ஐரீனைப் பார்த்தான். அவள் உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

“நிக்கக் கத்துக்கினேன் சார்,” என்றான். “‘ம்’ சொல்லக் கத்துக்கினேன். ரெண்டு தூசி கீதுன்னு கத்துக்கினேன், எது எதுன்னு தெரியாது. பொருளுன்னு ஒண்ணியும் நான் பாத்ததில்ல சார். அலமாரிக் கண்ணாடில என் மொகம் தெரியும். அத்தத்தான் ரெண்டு வருசமா பாத்துகினு கீறேன்.”

சொல்லி முடித்ததும் அவனுக்கு அழுகை வந்தது. கிழியாத சட்டையாகப் பார்த்துப் போட்டுக்கொண்டு, அம்மாவின் மீன் காசில் பீஸ் கட்டி, தினமும் வந்த படிப்பு அது.

இன்ஸ்பெக்டர் டைரக்டர் பக்கம் திரும்பினார். “மிஸ்டர் ராமசுப்பு, சீட்டில் மாணவன் என்றிருக்கிறது. இவனோ ஒன்றும் படிக்கவில்லை என்கிறான். படித்திருக்கிறான் என்றால் நீர் பட்டம் கொடுத்தாக வேண்டும். கொடுத்தால் இவன் பட்டதாரி, சீட்டு தப்பு. படிக்கவில்லை என்றால் இவன் மாணவனே இல்லை, பொருள் போலி. இரண்டில் எது?”

டைரக்டர் சீட்டைப் பார்த்தார். தம் கையாலேயே, வளைவு வளைவாக எழுதியது. பிறகு அருளைப் பார்த்தார். அவருக்கு இது பெரிய முடிவு ஒன்றும் இல்லை.

“சீட்டு தவறாக இருக்க முடியாது,” என்றார். “பொருள்தான் போலி. இந்தக் கழகத்தில் இவன் எதையும் கற்றுக்கொள்ளவில்லை என்று எழுத்து மூலம் கொடுக்கத் தயார்.”

இன்ஸ்பெக்டரின் முகம் மலர்ந்துவிட்டது. அவர் போகாத காட்சிசாலை கிடையாது. தன்னிடம் உள்ள ஒரே பொருள் போலி என்று தானே ஒத்துக்கொண்ட கழகத்தை இன்றைக்குத்தான் பார்த்தாராம். இந்த நேர்மைக்காக மானியத்தை இரட்டிப்பாக்கச் சிபாரிசு செய்வதாகச் சொன்னார். போலிப் பொருள் கழகத்தின் எல்லைக்குள் ஒரு கணமும் இருக்கக்கூடாது என்றும் சொன்னார். அத்தாவுல்லா கயிற்றை அவிழ்த்தார். அவிழ்க்கும்போது, “ஜல்தியா போ நைனா. மனசு மாறிடப் போறாங்க,” என்று காதோரம் சொன்னார்.

வாசலில் ஐரீன் ரிக்‌ஷாவை நிறுத்தி வைத்திருந்தாள். அருள் ஏறி உட்கார்ந்ததும் கையுறையைக் கழற்றினான்.

“பட்டம் பூட்ச்சி,” என்றான்.

“போவட்டும்.”

“உங்க நைனா?”

“ஹார்பர்ல மூட்ட எண்ணிக் கணக்கு எழுதுற டாலி கிளார்க் வேல காலியா கீதாம். எம்.ஏ. படிக்காதவன் யாருனா கீறானான்னு தேடினு கீறாங்க, படிச்சவன் சொன்ன பேச்சு கேக்க மாட்டேன்றானாம். நைனாகிட்ட டெல்லி சர்க்காரே உன்ன படிக்காதவன்னு சொல்லிட்ச்சின்னு சொல்லிக்கிறேன். நீ மொதல்ல குளி. கலீஜா கீற.”

ஆனால் தடை இன்னும் தடையாகவே இருந்தது. சொன்னவர் திரும்பப் பெறவில்லையே. ஐரீன் சாமியாரிடம் போய்ச் சொன்னாள். சாமியார் கழகத்துக்கு ஆள் அனுப்பினார். டைரக்டர் மானியத்துக்குக் கணக்கு எழுதுவதில் மும்முரமாக இருக்கிறார் என்று பதில் வந்தது. போலிகளைப் பற்றிப் பேச அவருக்கு நேரமில்லையாம்.

தபசு காலத்துக்கு முந்தின கடைசி ஞாயிறு வந்தது. வேதமாணிக்கம் வந்திருந்தார். மூஞ்சியை எங்கேயோ பார்க்கிற மாதிரி வைத்துக்கொண்டு ஆண்கள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். மூன்று வரிசை தள்ளி ஃபயர்மேன் தலைக்கு எண்ணெய் வைத்துப் படிய வாரிக்கொண்டு வந்திருந்தான். சிலுவையம்மாள் செபமாலையை உருட்டிக்கொண்டிருந்தாள்.

சாமியார் மூக்குக்கண்ணாடியை மாட்டினார். அருள்பிரகாசம், ஐரீன் என்ற பெயர்களை வாசித்தார். இரண்டாம் ஓலையில் சொல்லப்பட்ட தடை இன்னும் நீங்காமல் நிற்கிறது, சொன்னவர் இங்கே இருந்தால் இப்போது பேசலாம் என்று சொல்லிவிட்டுக் காத்திருந்தார்.

கோயில் முழுக்கத் தலைகள் பின்னால் திரும்பின. தலைப்பாகை தெரிந்தது. போலியைக் கழித்த விவரம் இல்லாமல் மானியக் கணக்கு முடியவில்லையோ என்னவோ, ராமசுப்பு எழுந்தார். புதுக் கோட்டு.

“கழகத்துக்கு ஆட்சேபணை இல்லை,” என்றார். “பரிசோதித்ததில் இது வெறும் போலி என்று உறுதியாகிவிட்டது. மாணவனும் இல்லை, பொருளும் இல்லை. வைத்துக்கொள்ள இடமும் இல்லை. யாருக்குத் தேவையோ அவர்கள் எடுத்துக்கொண்டு போகலாம்.”

சொல்லிவிட்டு உட்கார்ந்தார். அருள் தலையைக் குனிந்துகொண்டான். ஊர் முன்னால் அப்படிச் சொல்லக் கேட்டது அவனுக்குச் சுருக்கென்று தைத்தது. சிலுவையம்மாளின் கையில் செபமாலை நின்றது.

பெண்கள் பக்கத்தில் ஒரு முக்காடு எழுந்தது. கோயிலுக்குள் பெண்பிள்ளை எழுந்து பேசுவது அதுவரை கிடையாது.

“நான் எடுத்துக்கிறேன் சாமி,” என்றாள் ஐரீன்.

சாமியார் கையிலிருந்த ஓலையை மடித்து வைத்தார். பிறகு, “மூன்றாம் ஓலை முடிந்தது, தடை இல்லை,” என்று சொல்லி அடுத்த ஓலையைக் கையில் எடுத்தார்.